எளியவர் கையில் கேஸ் கட்டு: மருத்துவ அலட்சிய வழக்குக்கு வழக்கறிஞரைத் தேடுதல்

வழக்கில் வரும் இழப்பீட்டில் இத்தனை பங்கு என்று பேசிக்கொண்டு இந்தியாவில் எந்த வழக்கறிஞரும் வழக்கு நடத்தக் கூடாது. பார் கவுன்சிலின் நடத்தை விதிகளில் 20ஆவது விதி இதைத் தடை செய்கிறது. கணவரைச் சாலை விபத்தில் பறிகொடுத்த தெலங்கானாப் பெண் ஒருவரிடம் தீர்ப்புத் தொகையைக் கணக்கிட்டுக் கட்டணமாகக் காசோலை வாங்கிய வழக்கறிஞர், அது பணமாகாமல் திரும்பியதும் அந்தப் பெண்மீதே வழக்குப் போட்டார். 2017இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. தீர்ப்புத் தொகையில் சதவீதம் கேட்பது சட்டத்துக்கும் பொதுக் கொள்கைக்கும் விரோதமானது என்று கூறியது. அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே வழக்கறிஞர் தன் பணத்தைப் போட்டு வழக்கை நடத்துவார்; வென்றால் இழப்பீட்டில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வார்; தோற்றால் கட்டணம் இல்லை. இந்தியத் தடை கட்சிக்காரரைக் காப்பதற்காக வந்தது. ஆனால் கையில் பணமில்லாதவருக்கு இருந்திருக்கக்கூடிய ஒரு வாசலையும் அது அடைத்துவிட்டது.

ஆகவே இங்கே வழக்குச் செலவு முன்னதாகவே தேவைப்படுகிறது. மருத்துவ அலட்சியத்தால் பாதிக்கப்பட்ட குடும்பம் அந்த நிலைக்கு வரும்போது நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். வட்டிக்கு வாங்கிய பணம் மருத்துவமனைக் கணக்கில் கரைந்திருக்கும். பல வேளைகளில் சம்பாதித்தவரே படுக்கையிலோ படமாகச் சுவரிலோ இருப்பார். தேடுவதும் சுலபமில்லை. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதை 36ஆவது விதி தடுக்கிறது. இணையத் தளங்கள் வழக்கறிஞர்களைப் பட்டியலிட்டு, மதிப்பெண் போட்டு விற்பதற்கு எதிராக 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கடுமையான உத்தரவு பிறப்பித்தது. எனவே பெரும்பாலானவர்களுக்கு மிஞ்சுவது உறவினர் சொல்லும் பெயரும், கோர்ட் வாசலில் நின்று ஆள் பிடிக்கும் தரகரும்தான். தரகர் வழியாகப் போகும் வழக்கில் அவருக்கும் ஒரு கமிஷன் உண்டு. அந்தச் சுமையும் கடைசியில் கட்சிக்காரர் தலையில்தான் விழுகிறது.

வழக்கறிஞர் கட்டணத்தைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். உண்மையில் இந்த வகை வழக்கில் அதைவிட அரிதாகக் கிடைக்கும் பொருள்கள் இரண்டு: முழுமையான மருத்துவ ஆவணம் ஒன்று, அதைப் படித்துக் கருத்துச் சொல்ல முன்வரும் மருத்துவர் மற்றொன்று. முதலாவது, பணம் அதிகம் இல்லாதவரும் தன் முயற்சியால் திரட்டக்கூடியது. அது கையில் இருந்தால் வழக்கறிஞரைத் தேடும் வேலை பாதி குறைகிறது. வெறும் வாய்ச்சொல்லோடு வருகிறவரிடம் வழக்கறிஞர் தயங்குவார், அல்லது தயங்காமல் முன்பணம் வாங்கிக்கொள்வார். ஒழுங்காக அடுக்கிய கேஸ் கட்டோடு வருகிறவரின் வழக்கில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

ஆவணம் கேட்பது உரிமை. 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை ஒழுங்குவிதிகளின்படி, உள்நோயாளியின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்; நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. அது மருத்துவமனை தானே எழுதிக் கொடுக்கும் சுருக்கம். வேண்டியது முழுக் கேஸ் ஷீட்: சேர்க்கைக் குறிப்பு, மருத்துவர்களின் அன்றாடக் குறிப்பு, செவிலியர் குறிப்பு, மருந்து கொடுத்த அட்டவணை, நாடித் துடிப்பும் ரத்த அழுத்தமும் பதிந்த தாள், அறுவைச் சிகிச்சைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவு, சம்மதப் படிவம், ரத்தப் பரிசோதனை முடிவுகள், ஸ்கேன் படங்கள். இவற்றில் செவிலியர் குறிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. எந்த மணிக்கு நோயாளி மூச்சுத் திணறினார், எந்த மணிக்கு மருத்துவருக்குத் தகவல் போனது, அவர் எப்போது வந்தார் என்பதெல்லாம் அங்கேதான் பதிவாகியிருக்கும்.

கேட்பதை எழுத்தில் கேட்க வேண்டும். ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவமனை கொடுக்க மறுத்தால் அந்த மறுப்பே வழக்கில் அதற்கு எதிரான சான்றாகிறது. அரசு மருத்துவமனை என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம். மருந்துக் கடை ரசீது முதல் ஆம்புலன்ஸ் ரசீது வரை எதையும் தூக்கிப் போடக் கூடாது. மரணம் நேர்ந்து, அதில் சந்தேகமும் இருந்தால் பிரேதப் பரிசோதனை கேட்பது அவசியம். துயரத்தின் நடுவில் இதைச் சொல்வதே கொடுமையாகத் தோன்றும். ஆனால் அடக்கமோ தகனமோ முடிந்தபின் இறப்பின் காரணத்தை நிறுவுவது மிகவும் கடினமாகிவிடுகிறது. இவற்றோடு, நாள், நேரம், யார் என்ன சொன்னார்கள் என்ற வரிசையில் நாலைந்து பக்கக் குறிப்பு ஒன்றைக் குடும்பத்தில் நினைவு தெளிவாக உள்ள ஒருவர் உடனே எழுதி வைத்துவிட வேண்டும். கோபத்தை எழுதத் தேவையில்லை. நடந்ததை எழுதினால் போதும்.

அடுத்து, சட்டம் எதை அலட்சியம் என்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். சிகிச்சை பலிக்காமல் போனது மட்டும் அலட்சியம் ஆகாது. அதே துறையில் சராசரித் திறமையுள்ள மருத்துவர் ஒருவர் எடுத்திருக்கக்கூடிய கவனத்தை இவர் எடுத்தாரா என்பதே அளவுகோல். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகச் சொன்னது. இரண்டு ஏற்கத்தக்க சிகிச்சை முறைகளில் ஒன்றை மருத்துவர் தேர்ந்து, அது கைகொடுக்காமல் போனால் அவர்மேல் குற்றம் இல்லை. இதை முன்பே அறிந்தவருக்கு, வழக்கு நிற்காது என்று நேர்மையாகச் சொல்லும் வழக்கறிஞரின் அருமை புரியும். ஏழைக்கு அந்தப் பதிலும் ஓர் உதவிதான். பல ஆண்டு வாய்தாவும் கடனும் மிச்சமாகின்றன.

மருத்துவரின் கருத்து எல்லா வழக்குக்கும் கட்டாயமில்லை. ஹைதராபாத்தில் மலேரியாக் காய்ச்சலுடன் வந்த பெண்ணுக்கு டைபாய்டு என்று சிகிச்சை செய்ததால் அவர் இறந்தார். கணவர் தொடுத்த வழக்கு, நிபுணர் சாட்சியம் இல்லை என்ற காரணத்தால் மாநில நுகர்வோர் ஆணையத்தில் தோற்றது. 2010இல் கிஷன் ராவ் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது: தவறு வெளிப்படையாகத் தெரியும் இடத்தில் நிபுணர் தேவையில்லை; சிக்கலான வழக்கில் மட்டுமே தேவை. வயிற்றுக்குள் துணி வைத்துத் தைத்த வழக்குகள் இந்த வெளிப்படை வகையைச் சேர்ந்தவை. 2004இல் சவிதா கர்க் தீர்ப்பு இன்னொரு சுமையையும் குறைத்தது. சிகிச்சை செய்த ஒவ்வொரு மருத்துவரையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவமனையை எதிர்த்தரப்பாக்கினால் போதும். அலட்சியத்துக்கு முகாந்திரம் காட்டிய பின், கவனக்குறைவு இல்லை என்று விளக்கும் பொறுப்பு மருத்துவமனையுடையது.

கருத்து தேவைப்படும் வழக்கில் அதை எங்கே பெறுவது? உள்ளூர் மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் எதிராக எழுதத் தயங்குவார்கள். இது எல்லா ஊரிலும் உள்ள நிலை. ஓய்வு பெற்ற அரசு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர், வேறு மாவட்டத்து நிபுணர் ஆகியோரை அணுகுவது பலன் தருகிறது. நோயாளியைப் பிற்பாடு காப்பாற்ற முயன்ற இரண்டாவது மருத்துவமனையின் சேர்க்கைக் குறிப்பு பல வேளைகளில் கேட்காமலே கிடைத்த நிபுணர் கருத்தாக அமைகிறது. எதுவும் கிடைக்காதபோது, ஆவணங்களை அரசு மருத்துவக் குழுவுக்கு அனுப்பிக் கருத்துப் பெறும்படி நுகர்வோர் ஆணையத்திடமே மனுச் செய்யலாம்.

கட்டணம் கொடுக்க முடியாதவருக்கு முதல் வாசல் சட்டப்பணிகள் ஆணைக்குழு. 1976இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 39-அ பிரிவு, பொருள் இல்லாத காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் 1987ஆம் ஆண்டின் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று அமலுக்கு வந்தது. மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் மாவட்ட ஆணைக்குழுவும், வட்ட அளவில் வட்டக் குழுவும் உள்ளன. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்ற வழக்குக்கு வரம்பு 5 லட்சம்.

பலரும் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். கணவர் இறந்தால் வாரிசு என்ற முறையில் மனைவியே மனுதாரர் ஆகலாம். அவர் பெண் என்பதால் வருமானச் சான்றிதழ் இல்லாமலே உதவிக்கு உரியவர். பாதிக்கப்பட்டது குழந்தை என்றாலும் அப்படியே. தவறான சிகிச்சையால் காலையோ பார்வையையோ இழந்தவர் மாற்றுத்திறனாளி என்ற முறையில் தகுதி பெறுகிறார். வீட்டின் ஆண் பெயரில்தான் வழக்குப் போட வேண்டும் என்ற பழக்கத்தால் இந்த உரிமை வீணாகிறது. உதவி என்பது வழக்கறிஞரை மட்டும் குறிப்பதில்லை. நீதிமன்றக் கட்டணம், ஆவணம் தயாரிக்கும் செலவு போன்றவையும் அதில் அடங்கும். நுகர்வோர் ஆணையம் போன்ற தீர்ப்பு வழங்கும் அமைப்புகளும் அந்தச் சட்டத்தின் விளக்கப்படி ‘நீதிமன்றம்’ என்பதற்குள் வருவதால், அங்கே நடக்கும் வழக்குக்கும் உதவி கேட்கலாம்.

இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். ஆணைக்குழுவின் பட்டியல் வழக்கறிஞருக்குக் கிடைக்கும் மதிப்பூதியம் குறைவு. மருத்துவ வழக்கில் பழகியவர் அந்தப் பட்டியலில் இல்லாமலும் இருக்கலாம். விண்ணப்பிக்கும்போதே இது மருத்துவ வழக்கு, நுகர்வோர் வழக்கில் அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று எழுதிக் கேட்பது நல்லது. நியமிக்கப்பட்டவர் வாய்தாவுக்கு வராமல் இருந்தால் ஆணைக்குழுவின் செயலாளரிடம் புகார் கொடுத்து வேறொருவரைப் பெறலாம். பட்டியல் வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. இலவசம் என்பதால் கேள்வி கேட்கக் கூடாது என்று எண்ணித் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. அது தருமம் இல்லை, சட்டம் கொடுத்த உரிமை.

எந்த இடத்தில் வழக்குப் போடுவது என்பதும் செலவைத் தீர்மானிக்கிறது. 1995 நவம்பரில் வி. பி. சாந்தா தீர்ப்பு, கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. 2024 மே மாதம், வழக்கறிஞர் சேவை அந்தச் சட்டத்தில் வராது என்று தீர்ப்பளித்த அமர்வு, சாந்தா தீர்ப்பையும் மறுபடி ஆராய வேண்டும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதற்கு அவசியம் இல்லை என்று முடித்துவைத்தது. ஆகவே மருத்துவமனைமீது நுகர்வோர் வழக்கு இன்றும் போடலாம். 2020 ஜூலை 20 முதல் அமலில் உள்ள புதிய சட்டம் எளியவருக்குச் சாதகமானது. மருத்துவமனை எங்கே இருந்தாலும், மனுதாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மனுக் கட்டணமும் எந்த ஆணையம் என்ற எல்லையும் கேட்கும் இழப்பீட்டை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை. மருத்துவமனைக்குக் கட்டிய தொகையை வைத்தே கணக்கிடப்படுகின்றன. அது 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையம்; 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணமே இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம்.

அங்கே வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. கட்சிக்காரர் தாமே வாதாடலாம். வழக்கறிஞர் அல்லாத ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கவும் செய்யலாம். 2011இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. நுகர்வோர் அமைப்புகளின் தொண்டர்கள் இந்த வழியில் உதவுகிறார்கள். சென்னையில் 1985இல் தொடங்கிய சிஏஜி என்ற நுகர்வோர் அமைப்பு நீண்ட காலமாக நுகர்வோர் புகார்களுக்கு வழிகாட்டி வருகிறது. ஹைதராபாத்தில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த பொறியாளர் ஒருவர், சக்கர நாற்காலியில் இருந்தபடி உச்ச நீதிமன்றத்தில் தாமே வாதாடி, 2009இல் 1 கோடி ரூபாய் இழப்பீடு பெற்றார். படித்தவரால் முடிந்ததை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது என்பது சரிதான். இருந்தாலும், மனுவையும் குறுக்கு விசாரணைக் கேள்விகளையும் மட்டும் வழக்கறிஞரிடம் கட்டணம் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு, சாதாரண வாய்தாக்களுக்குத் தாமே போய் வரும் கலப்பு ஏற்பாடு பலருக்கும் எட்டக்கூடியது.

எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை சாந்தா தீர்ப்பின்படி நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. சிலரிடம் கட்டணமும் சிலருக்கு இலவசமும் என்று நடத்தும் இடத்தில் இலவச நோயாளியும் நுகர்வோரே. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் அப்படியே. வெளியே நிற்பவருக்கு உரிமையியல் நீதிமன்றம் உண்டு, உயர் நீதிமன்ற ரிட் மனுவும் உண்டு. தமிழ்நாட்டில் 2017இல் நீதிமன்றக் கட்டணம் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. அப்படியும் 10 லட்சம் கேட்க 30,000 ரூபாய் வேண்டும். அதைக் கட்ட வழியில்லாதவர் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆவது கட்டளையின்படி வறியவராக வழக்காட அனுமதி கேட்கலாம். கருத்தடை அறுவைச் சிகிச்சை தவறி மறுபடி கருவுற்ற ஹரியானாக் கூலித் தொழிலாளிப் பெண் ஒருவர் உரிமையியல் வழக்கில்தான் வென்றார். 2000இல் உச்ச நீதிமன்றம் அவருக்கான 54,000 ரூபாயை உறுதி செய்தது.

இன்னொரு வழி அதிகம் பேசப்படாமல் இருக்கிறது. 2002இல் வந்த திருத்தத்தால் ஏற்பட்ட நிரந்தர மக்கள் நீதிமன்றம், மருத்துவமனைச் சேவையைப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக எடுத்துக்கொண்டு 1 கோடி ரூபாய் வரையுள்ள தகராறுகளை விசாரிக்கிறது. கட்டணம் இல்லை. முதலில் சமரசம், அது முறிந்தால் தானே தீர்ப்பும் சொல்லும். வேறு எந்த நீதிமன்றத்துக்கும் போவதற்கு முன்பே அங்கே போக வேண்டும். அதன் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்பதால், சிக்கலான மருத்துவக் கேள்வி உள்ள வழக்கைக் காட்டிலும் தவறு தெளிவாகத் தெரியும் சிறு தொகை வழக்குக்கே அது பொருந்தும்.

பலர் முதலில் ஓடுவது காவல் நிலையத்துக்கு. ஜேக்கப் மேத்யூ தீர்ப்புப்படி குற்ற வழக்குக்குச் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும். சுதந்திரமான மருத்துவக் கருத்தும் வேண்டும். மாநில மருத்துவக் கவுன்சில் மருத்துவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம், இழப்பீடு கொடுக்காது. இந்த இரண்டு வழியிலும் போகக் கூடாது என்பதில்லை. ஆனால் அங்கே காத்திருக்கையில் நுகர்வோர் வழக்குக்கு உள்ள 2 ஆண்டுக் கெடு ஓடிவிடுகிறது. தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும்.

தனியார் வழக்கறிஞரை அமர்த்துவதானால், பெயர்களைத் தேட நம்பகமான இடம் ஆணையங்களின் தீர்ப்புகளே. அவை இணையத்தில் கிடைக்கின்றன; மருத்துவமனைக்கு எதிரான வழக்கில் மனுதாரருக்காக வந்தவர் யார் என்பது தீர்ப்பின் தலைப்பிலேயே இருக்கும். ஒருநாள் ஆணையத்தில் போய் உட்கார்ந்து பார்த்தால் யார் தயாராக வருகிறார், யார் வாய்தா வாங்கியே காலம் கடத்துகிறார் என்பது தெரியும். முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை சில: நோயாளிகள் தரப்பில் இதற்குமுன் நடத்திய வழக்குகள் உண்டா? இந்த மருத்துவமனைக்கோ அதன் காப்பீட்டு நிறுவனத்துக்கோ ஆஜராகியிருக்கிறாரா? வாய்தாவுக்கு வருவது சீனியரா, ஜூனியரா? கேஸ் ஷீட்டைப் படிக்காமலே இத்தனை லட்சம் வாங்கித் தருகிறேன் என்று சொல்பவரை விட்டு விலகுவதே நல்லது.

கட்டணத்தை மொத்தமாகப் பேசி, கட்டம் கட்டமாகக் கொடுப்பது இரு தரப்புக்கும் பொருந்தும்: நோட்டீஸ், மனுத் தாக்கல், சாட்சியம், வாதம் என்று. எழுத்தில் ஒப்பந்தமும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீதும் வேண்டும். வெற்றுத் தாளிலும் வெற்றுக் காசோலையிலும் கையெழுத்துப் போடக் கூடாது. மூல ஆவணத்தைத் தாமே வைத்துக்கொண்டு நகலையே கொடுக்க வேண்டும். தாக்கலுக்கு மூலம் தேவைப்பட்டால் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். கட்டணப் பாக்கியைக் காட்டிக் கேஸ் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று 2000இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவருடைய தொழில் நடத்தை பற்றிய புகார் மாநில பார் கவுன்சிலுக்குப் போக வேண்டும். மறுபுறம், கட்டணம் கொடுக்க முடியாதவருக்கும் தன் வசதிக்குட்பட்டு உதவுவது வழக்கறிஞரின் உயர்ந்த கடமை என்று 46ஆவது விதி சொல்கிறது. அதை மனசாட்சியோடு கடைப்பிடிப்பவர்களும் உண்டு. நிலைமையை மறைக்காமல் சொல்லிக் கேட்பதில் குறைவு ஒன்றும் இல்லை.

நுகர்வோர் சட்டம் 3 மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதத்தில் தீர்ப்பு என்கிறது, நடப்பது ஆண்டுக்கணக்கு. 1996இல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் விட்டதால் பார்வை போனது. தேசிய ஆணையம் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2015இல் உச்ச நீதிமன்றம் அதைச் சுமார் 1.8 கோடியாக உயர்த்தியது. அதற்குள் குழந்தைக்கு 18 வயது கடந்துவிட்டது. ஆகவே கட்டணம் பேசும்போது மேல்முறையீட்டையும் சேர்த்துப் பேச வேண்டும். மாவட்ட ஆணையத்தின் தீர்ப்புமீது 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்குப் போகலாம். மருத்துவமனை மேல்முறையீடு செய்தால் தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். தீர்ப்புக்குப் பிறகும் பணம் தரவில்லை என்றால் நிறைவேற்று மனு ஒன்று தேவைப்படும். அதற்குத் தனியாகக் கட்டணம் உண்டா, பேசிய தொகைக்குள் அடங்குமா என்பதும் முதல் நாள் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும்.